கேரக்டர் சரியில்லையாம்

மூன்றாவது மாடி வகுப்பறை வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இடது கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. கக்கத்தில் மடக்குக் குடை. வலது கால் செருப்பின் வார் பெருவிரலில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. எனக்குப் பின்னால் தையல்காரர் நிமாய்தா, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம், அரிசி புடைக்கிற மாதிரி, அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் மகள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

ஏனென்றால் நான் அங்கே சண்டை போடப் போயிருந்தேன். என் முகத்திலேயே அது தெரிந்திருக்கும்.

கடையும் வீடும்

போன வாரம் மழைக்காலத்தில் மாவு புளிக்காமல் போன கதையை எழுதியிருந்தேன். அதை வாசிக்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். காளிகாட் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் என் கடை. இட்லி மாவு, காப்பிப் பொடி, அப்பளம், வடகம். மாடியில் வீடு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்தவன் நான். இத்தனை காலம் சோறு போட்டது முருகனும் இந்த ஊர்க் காளியம்மாவும்தான். அவளைக் கும்பிட கோயிலுக்குள் போக வேண்டும் என்றில்லை; கடையிலிருந்து அந்தத் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

மகளுக்கு எங்கள் ஊர் அம்மன் பெயர், காந்திமதி. வீட்டில் மதி. வங்காளி வாயில் அது 'மொதி' ஆகிவிட்டது. அவளுடைய தமிழும் அப்படித்தான் கொஞ்சம் வளைந்திருக்கும். இங்கே தண்ணீரைக் குடிப்பது என்று சொல்ல மாட்டார்கள், சாப்பிடுவது என்பார்கள். அதனால் அவளும் என்னிடம் "தண்ணி சாப்பிட்டீங்களாப்பா?" என்றுதான் கேட்பாள். அவள் அம்மா இருந்தவரை திருத்திக்கொண்டே இருந்தாள். நான் திருத்தவில்லை.

அவள் அம்மா செண்பகம் காய்ச்சல் என்று படுத்து, ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். அதைப் பற்றி வேறொரு வாரம் எழுத முடிந்தால் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, குடை எடுத்தியா, எத்தனை மணிக்கு வருவே. இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிடலாம் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

ஒரு நிமிஷப் படங்கள்

பன்னிரண்டாவது முடித்ததும் அனிமேஷன் படிக்க வேண்டும் என்றாள். கார்ட்டூன் படம் எடுக்கிற படிப்பு என்று நான் புரிந்துகொண்டேன். பாலிகஞ்சில் ஒரு பழைய கட்டடத்தில் அந்தக் கல்லூரி.

அங்கே சேர்ந்த பிறகு அவள் மனிதர்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கடைக்கு வர வேண்டிய வாழை இலைக் கட்டு லோக்கல் ரயிலில் வரும். இலைக்காரிக்காக நான் காத்திருந்த நேரத்தில் அவள் நடைமேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிஷம். ரயிலுக்கு எட்டிப் பார்க்கிறவர், கூடையைத் தலையில் ஏற்றுகிறவள், கொட்டாவி விடுகிற போலீஸ்காரர்.

எட்டிப் பார்த்தேன். யாருக்கும் மூக்கு கண் இல்லை. நாலைந்து கோடுகள், அவ்வளவுதான். ஆனால் கூடைக்காரியின் கழுத்து வலி அந்தக் கோட்டில் தெரிந்தது.

"மொகம் போடலையா மதி?" என்று கேட்டேன்.

"மொகம் கடைசிலப்பா. மொதல்ல முதுகு எப்படி வளையுதுன்னு பாக்கணும். அதுலதான் ஆள் இருக்கு."

அன்று அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். இலைக்காரி வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் வரைந்து நான் பார்த்ததில்லை. என் முன்னால் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள்.

காதில் விழுந்தது

ஒரு சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் காப்பி போட மேலே வந்தேன். மதி உள் அறையில் தோழியோடு போனில் வங்காளியில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் 'தூர், தூர்' என்றாள். சலிப்பு வந்தால் இங்கே பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். குரல் உடைந்திருந்தது. நான் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"சார் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. என் கேரக்டர் சரியில்லையாம். முன்னால பாத்தா ஒண்ணு, பின்னால பாத்தா வேற ஒண்ணாம். நிழல்ல பாத்தா யாருன்னே தெரியலையாம். அடுத்த வாரத்துக்குள்ள மாத்தலைன்னா பாஸ் கெடையாதாம்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் 'கேரக்டர்' என்ற வார்த்தைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்த வார்த்தையைச் சொல்லிக் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. ஒரு பெண்ணைப் பற்றி அதைச் சொல்லிவிட்டால் அவள் வீட்டார் ஊர்த் தெருவில் நடக்க முடியாது. அதையும் ஒரு வாத்தியார், வகுப்பில், எல்லார் முன்னாலும்.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். செண்பகம் இருந்திருந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், என்னட்டி ஆச்சு, என்று கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். வளர்ந்த பெண்ணிடம் அப்பன் அதை எப்படிக் கேட்பது? வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, காப்பியை அவள் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது குடை எடுத்துட்டுப் போனியா என்று மட்டும் கேட்டேன். எடுத்தேன் என்றாள்.

கேரண்டி கொடுத்தவர்

பக்கத்துக் கடை நிமாய்தாவிடம் மட்டும் சொன்னேன். அண்ணனைத்தான் இங்கே 'தா' என்று பெயரோடு ஒட்டிக் கூப்பிடுவார்கள்.

அவருக்கும் இந்த வார்த்தைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் என் மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்து, மாப்பிள்ளையின் கேரக்டரை அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். அவருக்கு வங்காளி தெரியாது, நிமாய்தாவுக்குத் தமிழ் தெரியாது. மாமனார் என் கடையைக் கைகாட்டி, "கேரக்டர்? கேரக்டர்?" என்று கேட்க, நிமாய்தா துணி வெட்டுகிற கத்தரியைத் தூக்கிக் காட்டி, "குட் கேரக்டர்! ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றாராம். ஏதோ துணியின் தரத்தைக் கேட்கிறார் என்று நினைத்தாராம். அந்தச் சான்றிதழில் நடந்ததுதான் என் கல்யாணம்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நிமாய்தா தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். மொதி அவர் மடியில் கிடந்து வளர்ந்த குழந்தை.

"உன் கேரக்டருக்கே கேரண்டி கொடுத்தவன் நான். அவளுக்குக் கொடுக்க மாட்டேனா? நட," என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் கிளம்பினோம். நான் துவைத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, முருகா என் வாயில் தப்பான வார்த்தை வராமல் காப்பாற்று என்று கும்பிட்டுக்கொண்டு போனேன். ஆட்டோ முழுக்க ஒரே ஒரு வங்காளி வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். நிமாய்தா இரண்டு இடத்தில் இலக்கணம் திருத்தினார்.

உடம்பு நல்லா இருக்கு

செருப்பை ஏன் கழற்றினேன் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். படிப்பு நடக்கிற இடம் சரஸ்வதி இருக்கிற இடம். சண்டை போடப் போனாலும் செருப்போடு போக முடியாது.

வாத்தியார் என்றால் நரைத்த தலையோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தார். எனக்கு இருந்த சந்தேகம் இன்னும் கூடிற்று. கும்பிட்டுவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "நான் மொதியின் அப்பா. என் மகள் கேரக்டரில் நீங்கள் என்ன குறை கண்டீர்கள்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க காகு," என்றார். சித்தப்பா மாதிரியான முறை அது. "நல்ல வேளை வந்தீங்க. நானே வீட்டுல பேசணும்னு இருந்தேன். உடம்பு நல்லா இருக்கு. நிக்கிற விதம்தான் சரியில்ல."

நிமாய்தா ஓர் அடி முன்னால் வந்தார்.

"வயித்தைக் கொஞ்சம் பெரிசாக்குன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்கவே மாட்டேங்கிறா."

நிமாய்தா கழுத்திலிருந்த நாடாவை உருவிவிட்டார். அதை வைத்து என்ன செய்யப் போனாரோ, அந்தக் காளியம்மாவுக்குத்தான் வெளிச்சம். அதற்குள் மதி பென்சிலைப் போட்டுவிட்டு ஓடி வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

"அப்பா, சார் என்னைச் சொல்லல. என் படத்துல வாற ஆளைச் சொல்லுதாரு. படத்துல இருக்கிற ஆளுக்குத்தான்ப்பா கேரக்டர்னு பேரு."

நிமாய்தாவுக்காக அதையே வங்காளியிலும் சொன்னாள். ஒரு பிள்ளை முதலில் சிரித்தது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். வாத்தியாருக்கு விஷயம் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டார். நிமாய்தா நாடாவை மெதுவாக மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அதற்குள் சுவரைப் பார்த்துவிட்டேன்.

சுவரில் இருந்த ஆள்

சுவரில் வரிசையாகக் காகிதங்கள் குத்தியிருந்தன. ஒரே ஆளை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று சுற்றிச் சுற்றி வரைந்திருந்தது. அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றியில் மூன்று கோடு. பின்னந்தலையில் சொட்டை. எனக்கு அங்கே சொட்டை விழுந்திருப்பது அன்றுதான் தெரியும்.

"ஆரே, இது நீயேதான்," என்றார் நிமாய்தா.

வயிறு இல்லை. அந்த ஆள் ஒல்லியாக இருந்தான். கடைக்காரன் என்றால் தொப்பை இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்குப் பிடிபடும் என்றாராம் வாத்தியார். மதி தரையைப் பார்த்துக்கொண்டு, வங்காளியில், "முன்னாடி இருந்துச்சு சார். அம்மா போன அப்புறம் இல்ல," என்றாள்.

வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த காகிதத்தில் அதே ஆள் சூடத் தட்டோடு நின்றான். கட்டம் கட்டமாக ஒரு சின்னக் கதை. சாமிக்குச் சூடம் காட்டுகிறான். தட்டோடு திரும்புகிறான். மூடியிருக்கிற வாசல் கதவுக்கு முன்னால் தட்டைக் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடிக்கிறான். பிறகு சாமிப் பக்கம் திரும்பி வைத்துவிடுகிறான்.

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாமி அலமாரி சமையல்கட்டுச் சுவரில். அதற்கு நேர் எதிரே மாடிப்படி வாசல். செண்பகம் காலையில் படித்தலைப்பில் கோலம் போட்டு முடித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிற நேரமும் நான் சூடம் ஏற்றுகிற நேரமும் ஒன்றாக இருக்கும். திரும்பி நீட்டுவேன். ஒற்றிக்கொள்வாள். அவள் போன பிறகும் அந்தத் திரும்பல் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதை நானே கவனித்ததில்லை. மதி அந்நேரம் உள் அறையில் தூங்கிக்கொண்டிருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கடைசிக் காகிதத்தில் அந்த ஆளை முழுக்கக் கறுப்பாக நிரப்பியிருந்தது. கண் மூக்கு திருநீறு எதுவும் இல்லாமல், நிழல் மட்டும். இப்படிக் கறுப்பாக்கினாலும் இன்னார் என்று தெரிய வேண்டுமாம். அதுதான் சோதனை. தெரியவில்லை. நிமாய்தா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அரிசி மூட்டையா?" என்றார்.

"இதுதான் காகு, சிக்கல்," என்றார் வாத்தியார். "வருத்தம் இருக்கு. ஆள் இல்ல."

கும்பிட்டுவிட்டு, தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவுச் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து செருப்புக்குள் காலை நுழைத்தேன். கக்கத்தில் குடை. மறுபடியும் அந்த வார் விரலில் மாட்டிக்கொண்டது. தாழ்வாரத்து ஜன்னலிலிருந்து வெயில் எனக்குப் பின்னால் அடித்தது.

"அப்பா, அசையாதீங்க," என்றாள் மதி.

ஒற்றைக் காலில் நின்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகளும் காகிதத்தைத் திருப்பினார்கள். மறுபடியும் அரிசி புடைக்கிற சத்தம். என் கல்யாணத்தில்கூட எல்லாரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தது அன்று மட்டும்தான்.

வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு அவள் தலையில் லேசாகத் தட்டினார்.

கேட்காமல் விட்டது

அன்று சாயங்காலம் மதி அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் காப்பிக்கு வெந்நீர் வைத்திருந்தேன்.

"நீ முழிச்சுக்கிட்டா இருந்தே, அத்தனை நாளும்?" என்றேன்.

"ஆமாப்பா."

"எந்திச்சு வந்திருக்கலாம்லா."

அவள் விரல் நுனியெல்லாம் பென்சில் கரி. அதை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அம்மாவுக்குக் காட்டுறீங்கன்னு நெனச்சேன். நடுவுல வரக்கூடாதுன்னு, கதவிடுக்குல பாத்துக்கிட்டுப் படுத்தே இருந்தேன்."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நான் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். எனக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அவள் கதவுக்கு உள்ளே படுத்திருந்திருக்கிறாள். ஒரே வீட்டில்.

"அப்பா, படத்துல அவர் திரும்பும்போது கடைசில யார் நிக்கணும்? சார் கேக்கிறாரு. அம்மாவைப் போட்டா பொய்யா இருக்கு. என்னைப் போட்டாலும் பொய்தான், நான் வரலையே."

நான் படித்தவனில்லை. மனசில் பட்டதைச் சொன்னேன்.

"யாரும் நிக்க வேண்டாம்மா. கதவு மட்டும் தொறந்திருக்கட்டும்."

மறுநாள் காலை சூடத் தட்டோடு திரும்பினேன். தலை வாராமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு மதி நின்றாள். ஒற்றிக்கொண்ட கையில் கரி இருந்ததால் கண்ணுக்கு மை இட்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது.

இப்போது

அவள் பாஸ் செய்தாள். படம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. கல்லூரியிலேயே ஒரு சின்ன அறையை இருட்டாக்கிப் போட்டுக் காட்டினார்கள். முதலில் வெறும் கறுப்பு உருவம், ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றுகிறது. முகம் வருவதற்கு முன்னாலேயே நிமாய்தா என் தொடையில் ஓங்கி அடித்து என் பெயரைச் சொன்னார். கடைசியில் அந்த ஆள் தட்டோடு திரும்புகிறான். கதவு திறந்திருக்கிறது. வெளியே படி, அதற்கு அப்பால் காலை வெளிச்சம். அவ்வளவுதான்.

அதைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. போகட்டுமா என்று கேட்டாள். போய்ட்டு வாம்மா என்றேன். ஹௌராவில் ரயில் நகர்ந்ததும், ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் முதுகு எப்படி வளைந்திருக்கிறது என்று பார்த்தேன். அழுகிறாள் என்பது அதிலேயே தெரிந்தது.

தினமும் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, தண்ணி சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன் என்கிறேன். அங்கே அவள் கேரக்டரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்பேன். அதற்கு மட்டும் இரண்டு பேரும் சிரிப்போம். பிறகு அவளுக்கு வேலை வந்துவிடும்.

நிமாய்தா பயப்படுகிறார். சந்துக்குள் கண்டவன் வருகிறான், காலங்காத்தாலே கதவைத் திறந்து போடாதே என்கிறார். கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் சூடம் ஏற்றுவதற்கு முன்னால் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வருகிறேன்.

தட்டோடு திரும்பும்போது பெரிய ரோட்டில் டிராம் போகிற சத்தம் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. படித்தலைப்பில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கும். என்னுடையது. சூடத்தின் வெளிச்சம் அதுவரைக்கும் போய் விழுகிறது. அணைகிறவரை தட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.